உறைபனியில் குதிகால் தடம்

ஜன. 8, 2006. ஞாயிறு

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேகம் கிரவுண்டுக்கே இறங்கியது. ஃபுட்பால் அரையிறுதி, டவுன் டீமுக்கும் வடகவுஞ்சி கிராமத்துக்கும். ரெஃப்ரி நான். 1-1.

கடைசி ஐந்து நிமிஷம். மேகத்துக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம், அடுத்து அலறல். ஓடிப் போனால் டவுன் ஃபார்வர்டு அந்தோணி கீழே, முழங்காலுக்குக் கீழே கால் கோணிக் கிடந்தது. பக்கத்தில் வடகவுஞ்சி டிஃபெண்டர் யோகன், மல்லாக்க. "வேணும்னே ஒடைச்சான் சார்!" என்று நாலு பக்கமும் கத்தல். சிவப்பு அட்டை. ரிப்போர்ட்டில் 'வேண்டுமென்றே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை டோர்னமென்ட் கமிட்டி விசாரணை. ஆயுள் தடை என்கிறார்கள். யோகன் மாவட்ட அணித் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. ரசம் மட்டும்.

ஜன. 9, திங்கள்

வெள்ளனே எழுந்து, கார்னர் கொடிகளை எடுக்க ஸ்கூல் கிரவுண்டுக்கு. ஸ்கூல் சாவி, மஃப்ளர், கையுறை. கையுறை ஒன்றுதான் கிடைத்தது.

கிரவுண்டு முழுக்க உறைபனி. வெள்ளை வெளேர். நேற்றுச் சேறாக இருந்தது கல்லாக இறுகிவிட்டது. நேற்றைய ஆட்டம் அப்படியே தரையில் கிடக்கிறது! ஒவ்வொரு பூட்ஸும், ஒவ்வொரு திரும்பலும். மண்டியிட்டுப் பார்த்தேன்.

யோகன் சறுக்கி வந்த கோடு பந்தை நோக்கித்தான். பாதியில் இடது குதிகாலை ஊன்றி, உடம்பை வெளிப்பக்கம் திருப்பியிருக்கிறான். குழி நாலு விரல் ஆழம். நிறுத்தப் பார்த்திருக்கிறான். அந்தோணியின் தடம் நேராக வந்து, திடீரென்று யோகன் பக்கமாக வெட்டியிருக்கிறது. இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

இருபது வருஷம் விசில் ஊதியிருக்கிறேன். ஒரு நாளும் தரையைப் பார்த்ததில்லை. கடவுளே, அரை நொடியில் ஒரு மனுஷன் நினைத்ததை மண் எழுதி வைத்திருக்கிறது.

கமிட்டிச் செயலாளரைக் கூட்டிவரப் போனேன். அவர் குளித்து, இட்லி சாப்பிட்டு வருவதற்குள் ஒன்பது மணி. வெயில். எல்லாம் சேறு.

"எங்கெ சார் தடம்?"

ஜன. 11, புதன்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. வீட்டுக்காரி ஸ்டெல்லா விறகடுப்போடு சண்டை.

சாயங்காலம் அந்தோணியைப் பார்க்க ஆஸ்பத்திரி. கேட்டுக்கு வெளியே யோகன் நிற்கிறான். கேரட் தோட்டத்து வேலை முடித்து, மண் காலோடு. மூன்று நாளாக இப்படித்தான் வந்து நிற்கிறானாம். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பந்துதான் தெரிஞ்சிச்சுங்க சார். ஆளு தெரிஞ்சோன நிப்பாட்டப் பாத்தேன். ஏலல."

"எந்தக் காலை ஊனுன?"

"இடது, சார். குதிகால் இன்னும் வலிக்கிது."

நான் தடத்தில் பார்த்ததை அதுவரை அவனிடம் சொல்லியிருக்கவே இல்லை.

"உள்ள போயி அந்தோணியப் பாரு" என்றேன். போனான்.

ஜன. 13, வெள்ளி. போகி

கமிட்டி. ஏழு பேர், தேங்காய் பன், டீ.

செயலாளர்: "நீங்கதான 'வேண்டுமென்றே'ன்னு எழுதுனீங்க?"

"ஆமா. ஆனா நான் பாக்கல."

"அப்ப எதைப் பாத்து எழுதுனீங்க?"

"அலறலக் கேட்டு."

ஒருத்தர் டீயைக் கீழே வைத்தார். மீதியையும் சொன்னேன். கோல் போஸ்ட் தெரியாத அளவு மேகம் இறங்கினால் நீளமாக விசில் ஊத வேண்டும், எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். இந்த ஊர் ஆட்டத்தில் அதுதான் வழக்கம். அன்றைக்குப் போஸ்ட் தெரியவில்லை. ஐந்து நிமிஷம்தானே, முடித்துவிடலாம் என்று நான் ஊதவில்லை. குற்றம் எழுதுவதானால் என் பேரில் எழுதுங்கள்.

யோகனுக்குத் தடை இல்லை. எனக்கு இந்த வருஷம் விசில் இல்லை. வெட்கமாக இருந்தது. நெஞ்சு மட்டும் லேசாக இருந்தது.

நேரே ஆஸ்பத்திரிக்கு. அந்தோணி மாவுக்கட்டோடு கட்டிலில். கால்மாட்டில் யோகன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அந்தோணியிடம் சொன்னேன், என் தப்புதான் என்று.

"தெரியும் சார். விசில் வரும் வரும்னு பாத்துக்கிட்டேதான் ஓடுனேன்."

"அப்பறம் ஏம்ப்பா கமிட்டிக்குச் சொல்லி விடல?"

அந்தோணி யோகனைக் காட்டினான். "விசில் வரலன்னு முந்தாநாளே எழுதித் தாரேன்னு சொன்னேன் சார். இவந்தான் வேணாம்னுட்டான். சாரே சொல்லுவாருன்னான்."

யோகன் ஒரு சுளையை என்னிடம் நீட்டினான்.