பதிலுக்கு விட்ட இடம்

ஹார்மன் கிரீக், அலபாமா
12 பிப்ரவரி 1973

அன்புள்ள ரோஸ்கோ,

நலம். நம் மகள் ஜெனீவாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. ஒலிநாடா வந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட நம் முன்னோர் பள்ளிக்கூடம் கட்டிய கதைப் புத்தகத்தை வாசித்துப் பதிந்து அனுப்பி, இரைச்சலை நீக்கித் தரச் சொன்னேன். பிள்ளைகள் பதில் சொல்ல நான் நிறுத்திய இடங்களையும் சேர்த்து வெட்டியிருக்கிறாய்.

நேற்று தேவாலயத்தில் பிள்ளைகள் புத்தகத்தை மடியில் விரித்துக் கேட்டார்கள். "பள்ளிக்கூடத்த எரிச்சுட்டாங்க. நாம என்ன செஞ்சோம்?" என்கிறது என் குரல். அவர்கள் வாய் திறப்பதற்குள் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. "டேப்புக்கு என்னம்மா அவசரம்?" என்றாள் ஜெனீவா.

போதகர் நிறுத்துமிடத்தில் சபை பதில் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவன் நீ. வானொலி வேலை அதையுமா மறக்கடித்தது? சிகாகோ போகட்டுமா என்று கேட்டபோதும் இப்படித்தான், நான் பதில் சொல்லுமுன் பெட்டி கட்டிவிட்டாய். ஈஸ்டருக்கு வரட்டுமா என்கிறாய். இன்னும் யோசிக்கவில்லை.

அர்டேலியா

சிகாகோ
20 பிப்ரவரி 1973

அன்புள்ள அர்டேலியா,

தப்பு என்னுடையதுதான். இங்கே கொஞ்சம் சத்தம் நின்றாலே மேலதிகாரி ஓடிவருவார். கை தானாக வெட்டிவிட்டது. போதகர் முடிக்கும் முன்பே "சொல்லுங்கய்யா" என்று குரல் கொடுப்பாளே என் அம்மா, அவள் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாள்.

வெட்டிய துண்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. நீ நிறுத்திய இடங்களில் வெற்று நாடா ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஈஸ்டர் பற்றி இந்தத் தடவை உன் பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.

ரோஸ்கோ

ஹார்மன் கிரீக்
5 மார்ச் 1973

அன்புள்ள ரோஸ்கோ,

இப்போது சரியாக இருக்கிறது. "மறுபடி கட்டினோம்" என்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. போதகர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கதையின் கடைசியில், "கூரை போட ஆள் வேணும். வெளியூர் போனவங்கள்ல யாரு வந்தாங்க?" என்று கேட்டு நிறுத்தியிருக்கிறேன். "எல்லாரும் வந்தாங்க" என்றார்கள் பிள்ளைகள். அவர்கள் அடங்கியபின், "எங்கப்பா வரல" என்றாள் ஜெனீவா. நீ ஒட்டிய நாடா அங்கே கொஞ்சம் நீளம். அது ஓடி முடியும்வரை அவள் சுழலும் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு வா. எனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. வந்து அவளுக்கு நீயே பதில் சொல். நான் குறுக்கே பேசமாட்டேன்.

அர்டேலியா