பந்தியில் இடது கை

அப்பா,

இன்று ஜூஜுவாடியில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. வாழை இலையில் சூடான சோறு விழும்போது வரும் வாசனைக்கு நீங்கள்தான் நினைவுக்கு வருவீர்கள். இன்று உங்கள் பேத்தியும் உங்களை நினைவுபடுத்தினாள். இடது கையை இலையில் வைத்துப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து இலை அம்மாள் பதறிப்போய், வலது கையால் சாப்பிடும்படி முதலில் தமிழிலும் பிறகு கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தார். இவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

என் கல்யாணத்துக்கு முன்பு, ஒரு நாள் காலை ஷிப்டில் லேத் மெஷின் பக்கத்திலேயே பக்கவாதம் வந்து சரிந்தீர்கள். வலது பக்கம் போய்விட்டது. உயிர் மிஞ்சியதே பெரிது என்றார்கள். சொன்னவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா ரோஜாப் பண்ணைக்குப் பூக்கட்டு போடப் போனாள். சமையல் என் தலையில் விழுந்தது. தம்ளர், துண்டு, மாத்திரை எல்லாம் உங்கள் இடப்பக்கத்துக்கு மாறின.

ஊட்டிவிட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். ஸ்பூனைக் கொடுத்தால், "நான் இன்னும் ஆஸ்பத்திரியிலயா இருக்கறேன்?" என்பீர்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டீர்கள். கல்லாவியில் சொந்தக்காரர் விசேஷம் என்றால் மட்டும் உங்களுக்கு வயிறு சரியிருக்காது. வீட்டுக்கு வந்ததும் அந்த வயிறு நன்றாகப் பசிக்கும்.

என் கல்யாணத்தன்று சம்பந்திகள் சேர்ந்து உட்காரும் பந்தியிலும் அதே வயிறு கெட்டது. ரூமுக்குள் வந்து கூப்பிட்டேன். "நீ போய்ச் சாப்டு கண்ணு. பீச்சாங்கையால நான் தின்றத அவங்க பாக்க வேணாம்." நீங்கள் வராமல் நானும் உட்கார மாட்டேன் என்றேன். கல்யாணப் பெண்ணாக நின்றுகொண்டு உங்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு அழுகை.

அம்மா உள்ளே வந்தாள். உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். பக்கத்து இலையில் தானும் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். பழக்கமில்லாத கை. ரசம் முழங்கை வழியாகப் பட்டுச்சேலையில் ஒழுகியது. எல்லார் கண்ணும் அவள்மேல்தான். எதிர் இலையிலிருந்து சம்பந்தியம்மா கேட்டார்: "ஏம்மா, உங்களுக்குமா வாதம்?"

அம்மா நிமிராமல் சொன்னாள்: "எங்க வூட்ல இப்பிடித்தான்."

நீங்கள் கோணிய வாயோடு சிரித்தீர்கள். சாப்பிட்டீர்கள். பாயசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினீர்கள்.

அதற்குப் பிறகு வந்த எந்தப் பந்தியையும் நீங்கள் விடவில்லை. உங்கள் பேத்தி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடப் பழகினாள். அவள் பார்த்த கை அது ஒன்றுதான். பள்ளியில் டீச்சர் மாற்றச் சொன்னார். நான் மாற்றவில்லை. நீங்கள் போன பிறகு மாற்ற மனமும் வரவில்லை.

இன்று அந்த அம்மாளிடம் உங்கள் கதையை எல்லாம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்க வூட்ல இப்பிடித்தாங்க" என்று சொல்லிவிட்டு, இடது கையால் சோற்றைப் பிசைந்தேன். என் சேலையிலும் ரசம் ஒழுகியது, அப்பா.