ஏழாவது படம்

அன்புத் தங்கைக்கு,

என் பழைய இணையதளத்தைப் புதுப்பிக்க நீ சொன்ன யோசனைகளை அப்படியே செய்துவிட்டேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். மேலே ஓடிக்கொண்டே இருந்த வரவேற்பு வரியை நிறுத்தினேன். இப்போது பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது.

சலூன் படங்கள் பன்னிரண்டையும் நீக்கச் சொன்னதும் நீதான். "அக்கா, இதெல்லாம் அரதப் பழசு. பாக்குறவங்க அடுத்த நொடியே ஓடிடுவாங்க, தூக்கிடு" என்றாய். மூன்று மாதம் அந்தக் கடையில் கால் கடுக்க நின்று நான் எடுத்த படங்கள். இருந்தாலும் தூக்கினேன். உன் பேச்சை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்?

நேற்று அம்மா போனில் பூரித்துப்போனாள். "சின்னவளோட சலூன் படங்களுக்குப் பரிசு குடுத்திருக்காங்களாம். அவ சைட்ல போய்ப் பாரு. நீயும் அவகிட்ட கொஞ்சம் கத்துக்கோடி!"

போய்ப் பார்த்தேன். பன்னிரண்டும் இருந்தன, கீழே உன் பெயரோடு.

உன் தளத்துக்கும் ஒரு யோசனை சொல்லட்டுமா? ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். சலூன் கண்ணாடிக்குள், ஓரத்தில், கேமராவோடு ஒருத்தி தெரிகிறாள். அவள் போட்டிருக்கும் பச்சை ஸ்வெட்டர், என் பிறந்தநாளுக்கு நீ பின்னிக் கொடுத்தது.

யார் கண்ணிலாவது படுவதற்குள் அவளையும் தூக்கிவிடு.

அக்கா