பன்னிரண்டு வேளைப் பால்

அக்கா,

காலையில் என் மகள் பஸ் நிறுத்தத்தில் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தாள். பாவம் பார்த்து டீக்கடைக்காரர் பால் ஊட்டியிருக்கிறார். துப்பட்டாவெல்லாம் கழிந்து, புளித்த நாற்றம். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இந்த நாற்றத்தில் உங்கள் ஞாபகம் வந்தது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம். ஒரே வீடு, இரண்டு அடுப்படி. தண்ணி மோட்டாரை யார் நிறுத்துவது என்று தொடங்கிய சண்டையில் நான்கு வருஷம் முகம் பார்த்துப் பேசவில்லை. அப்போதுதான் நடுக்கூடத்துத் தறிக்குக் கீழே குட்டி போட்டிருந்த பூனை, சேவூர் சாலையில் வண்டியில் அடிபட்டுச் செத்தது. மிஞ்சியவை கண் திறந்து சில நாளே ஆன இரண்டு குட்டிகள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல்.

நீங்கள் தறியில் உட்கார்ந்த நேரம் பார்த்து நான் ஃபீடிங் பாட்டிலில் பசும்பால் கொடுத்தேன், சர்க்கரை வேறு போட்டு. நான் கடைக்குப் போன நேரம் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். ‘இந்தக் கல்நெஞ்சுக்காரி எங்கே கொடுக்கப்போகிறாள்’ என்று இருவருக்கும் ஒரே நினைப்பு.

வயிறு உப்பி, மஞ்சளாகக் கழிந்து, மூன்றாம் நாள் வெள்ளைக்குட்டி செத்துப்போனது. தனித்தனியாக அழுதோம். அப்போதும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் சாம்பலும் துவண்டது. நான் அதை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏற, செருப்புகூடப் போடாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

கால்நடை டாக்டர் குட்டியின் பிடரித் தோலைக் கிள்ளிவிட்டார். தோல் கிள்ளியபடியே நின்றது.

“உடம்புல தண்ணியே இல்ல. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி பால் குடுக்கறீங்க?”

“ஆறு வாட்டி சார்” என்றேன்.

“நானும் ஆறு வாட்டி” என்றீர்கள்.

“ஒரே வீடா? இத்தினூண்டு வயித்துல பன்னெண்டு வாட்டி ஊத்திகினு இருந்தா இன்னாத்துக்கு ஆவும்? அதுவும் பசும்பால். ஒருத்தர ஒருத்தர் கேக்க மாட்டீங்களாம்மா?”

திரும்பும்போது நீங்கள்தான் வாயைத் திறந்தீர்கள்: “நீ குடுப்பேன்னு நான் நெனைக்கவே இல்லடி.”

“நானுந்தாங்க்கா.” உங்கள் தோளில் சாய்ந்து அழுதேன்.

பாலை நிறுத்தி, டாக்டர் கொடுத்த உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பிறகு பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பவுடர்பால், அதுவும் அளந்துதான். பிள்ளையைப்போல் மல்லாத்தாமல் கவிழ்த்துப் பிடித்து ஊட்டப் பழகினோம். மலம் இறுகிய அன்று, புதுப்புடவை முந்தானையை விரித்துக் காட்டுவதுபோல் குட்டி இருந்த துணியை விரித்து, “ஜல்தி வந்து பாருடி” என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டீர்கள்!

அதன்பின் நமக்குள் எத்தனையோ பேச்சு. வெள்ளைக்குட்டியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறந்ததில்லை. தெரியாமல் ஊட்டியதை மன்னித்துவிடலாம் அக்கா. கழிகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தோமே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் ஸ்கூட்டர் நிறுத்துவதில் எதிர்வீட்டுக்காரியோடு எனக்குப் பெரிய ரகளை. சாயங்காலமே போய், “சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தேன். மகளுக்கு எரிச்சல். “உனக்கு ரோஷமே இல்லியாம்மா?”

“நெறைய இருந்துச்சுடி. அதுல ஒரு உசுரு போயிடுச்சு” என்றேன்.