ஊசிக்கு அகப்படாத கட்டி

சுன்ச்சோன்
8 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஒக்ஹீ வணங்கி எழுதுவது. இங்கு எல்லாரும் நலம், நான்தான் அரைகுறை. போன் மாமியார் அறையில் இருப்பதால் கடிதம்.

என் அக்குளில் நெறிகட்டி வீங்கியே இருக்கிறதே, பெரியாஸ்பத்திரியில் அதில் ஊசி குத்தித் துளி எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கம்போல் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு முடிவை என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். "ஒண்ணுமில்லையாம், வா போகலாம்" என்று வந்தார். மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "அப்பவே சொன்னேன்ல? எந்திரி, கோஸை உப்புல ஊறப் போடணும்!" குளிர்காலத்துக்குப் போடும் கிம்ச்சி ஊறுகாய்க்கு முற்றம் நிறைய முட்டைக்கோஸ். கையைத் தூக்கினால் கட்டி இடிக்கிறது. ஒன்றுமில்லாதது ஏன் அக்கா வளர்கிறது?

உன் தங்கை
ஒக்ஹீ


பூசான்
12 நவம்பர்

ஒக்ஹீ கண்ணு,

உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு இங்குள்ள டாக்டரிடம் ஓடினேன். "ஊசியில புற்று கிடைச்சா அனேகமா அது சரிதான். கிடைக்கலைன்னா, இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஊசி போன இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கலாம்" என்றார். கிம்ச்சி ஜாடியில் மேல் இலையை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு அடிவரை புளிக்கவில்லை என்போமா? உன் வீட்டுக்காரரிடம் டாக்டர் முழுசாக என்ன சொன்னார்? சண்டை போட்டாவது கேள்.

மால்சுன்


சுன்ச்சோன்
17 நவம்பர்

அக்கா,

கேட்டேன். கட்டியை முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். "நீ நிம்மதியாத் தூங்கட்டும்னு பாதிதான் சொன்னேன். கத்தி பட்டா பரவிடும்டி" என்று அழுகிறார். அடிக்கிற மனிதராக இருந்தால் எப்போதோ கிளம்பி வந்திருப்பேன். அழுகிறவரை என்ன செய்வது?

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வீட்டு ஆள் கையெழுத்து வேணும்மா, கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் உடம்புக்கு என் கையெழுத்து போதாதாம். நீதான் வரவேண்டும் அக்கா.

ஒக்ஹீ


சுன்ச்சோன் ஆஸ்பத்திரி
2 டிசம்பர்

ஒக்ஹீ கண்ணு,

கிம்ச்சிக்கு ஒத்தாசையாக வந்திருக்கிறேன் என்று நினைத்து உன் மாமியார் என் கையில் கையுறையைத் திணித்தார். அதைக் கழற்றி வைத்துவிட்டு உன்னை இங்கே இழுத்துவந்து கையெழுத்துப் போட்டுக் கட்டியை முழுசாக எடுக்கவைத்தேனே, அந்தச் சோதனையின் முடிவு வந்துவிட்டது. வீட்டு ஆள் இப்போது நான். டாக்டர் என்னைத்தான் தனியாக அழைத்துச் சொன்னார். வெளியே உன் புருஷன், "சொல்லிடாதீங்க அண்ணி, கும்பிட்டுக் கேக்கிறேன்" என்றார். அவரைத் தள்ளிவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன்.

"என்னக்கா சொன்னாங்க?" என்றாய். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன். நானேதான் சொன்னேன்! வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன் புருஷன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

வாய்க்கு வராததைக் கை எழுதட்டும். ஊசி தவறவிட்டிருக்கிறது. புற்றுதான் கண்ணு. அடுத்த வாரமே மருந்து தொடங்கலாமாம். குணமாகுமா என்று கேட்டேன். "முயற்சி பண்ணுவோம்" என்றார், அவ்வளவுதான்.

இதை உன் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு அழு, என்னை அடி. எனக்குத் தெரிந்து உனக்குத் தெரியாதது இனி எதுவுமில்லை.

அக்கா