கணக்கில் மட்டும் பெயில்

றொசல்ல
ஜனவரி 5, ஞாயிறு

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மார்கழிக் குளிரில் அப்பாவைப் பிடித்த இருமல்கூட நேற்றோடு விட்டுப்போய்விட்டது. நீயும் அந்தப் பனி கொட்டும் ஜப்பானில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் மாரியம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துப் பேச்சை மாற்றிவிடுவாய், சிக்னலும் நடுவில் அறுந்துபோகும். இந்த முறை நான் சொல்லவந்ததைச் சொல்லி முடித்தே ஆகவேண்டும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன தைப்பொங்கல் அன்று நீ வீடியோவில் வந்து, இந்த வருடம் ஆளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்பதுபோல் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா வெற்றிலையை விடுகிறேன் என்றார். நான் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் துண்டு நிலத்தில் லீக்ஸ் போடுகிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் ஓ.எல். பரீட்சையும் எழுதுகிறேன் என்றேன். நீ ஜப்பான் மொழிப் பரீட்சையில் அடுத்த படியைத் தாண்டுகிறேன் என்றாய். வருடம் ஓடிவிட்டது, யார் என்ன கிழித்தோம் என்று பார்ப்போம். அப்பா சரியாகப் பதினொரு நாள் வெற்றிலை இல்லாமல் இருந்தார், அந்தப் பதினொரு நாளும் அவர் எரிந்து விழுந்ததைத் தாங்கமுடியாமல் பன்னிரண்டாம் நாள் நானே கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தேன். லீக்ஸ் நன்றாகத்தான் வந்தது, பிடுங்கலாம் என்றிருந்த வாரத்தில் ஒருநாள் விடிந்து போய்ப் பார்த்தால் காட்டுப்பன்றி உழுதுபோட்டிருந்தது, ஒன்றுகூட மிச்சமில்லை. வேலியில் சும்மா ஏற்றிவிட்ட போஞ்சிக் கொடி மட்டும் பிழைத்துக் காய்த்துத் தள்ளியது, நம் லயத்தில் போஞ்சிக் கறி ஆக்காத வீடு இல்லை. இனி லீக்ஸ் இல்லை, போஞ்சிதான்.

பரீட்சை விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒன்பது வருடமாகப் பிள்ளைக்காம்பராவில், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்க்கும் உதவி ஆளாகவே இருக்கிறேன். அங்கே பொறுப்பாக இருந்த அம்மா அக்டோபரோடு ஓய்வுபெறப் போகிறார், அந்த இடத்துக்கு வர ஓ.எல். வேண்டும், கணக்கும் பாஸாக வேண்டும் என்று தோட்டத்து ஆபிசில் சொன்னார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அப்பா முதலில் சிரித்தார், "பேரப்புள்ள எடுக்குற வயசுல ஒனக்கு ஏன்டி இந்த வேல" என்றார். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் யசோதினி டீச்சர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குவார்ட்டஸுக்கு வரச்சொன்னார். கணக்குப் புத்தகத்தைத் திறந்த வேகத்தில் நான் மூடிவைத்தேன், அதைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அக்கா, பன்ரெண்டு பிள்ளையளுக்குப் பால்மா அளந்து கரைக்கிற உங்களுக்கு விகிதம் தெரியாதெண்டு ஆர் சொன்னது?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான்கு மாதம் படித்தேன் என்று வைத்துக்கொள். விகிதம் வந்தது, சதவீதம் வந்தது, முக்கோணம் மட்டும் கடைசிவரை என்னிடம் முகம் கொடுக்கவே இல்லை.

மே மாதம் கணக்குப் பரீட்சையன்று பார்த்து விடியற்காலையிலிருந்து மழை. றொசல்ல ஸ்டேஷனில் கோச்சிக்காக நின்றோம், மண் சரிந்து ரயில் பாதை மூடிவிட்டது, எப்போது வருமென்று தெரியாது என்றார்கள். நான் திரும்பிவிடுவோம் என்றேன். அப்பா ரோட்டுக்கு ஓடி, ஹட்டனுக்குப் போன ஒரு கொழுந்து லொறியை மறித்து, காலி சாக்குகளுக்கு நடுவே என்னை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். நனைந்த புடவையோடு நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அங்கே மேற்பார்வைக்கு நின்ற அம்மா, "பெத்தவங்க எல்லாம் கேட்டுக்கு வெளிய நிக்கணும்மா" என்றார். அனுமதி அட்டையை நீட்டினேன். அட்டையைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கைக்குட்டையைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொல்லி என்னை மேசைவரை கூட்டிப்போனார். வெளியே அப்பா பிள்ளைகளின் தாய்மாரோடு மழையில் நின்றிருக்கிறார். மகள் எழுதுகிறாளா என்று ஒருத்தி கேட்டதற்கு, "இல்லீங்க, வீட்டுக்காரி" என்றாராம். இதை அவரே சொல்லவில்லை, கேட்ட அந்தத் தாய்தான் திரும்பிவரும் பஸ்ஸில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முடிவு செப்டம்பர் கடைசியில் வந்தது. யசோதினி டீச்சர்தான் போனில் பார்த்துச் சொன்னார். ஆறு பாடத்தில் ஐந்து பாஸ், தமிழுக்கு ஏ. கணக்கு பெயில். நீ அக்டோபரில் இரண்டு தடவை கேட்டாய், இன்னும் வரவில்லை என்று சொன்னேன். பொய்தான் மகளே. ஐந்து பாடம் பாஸானதைச் சொன்னால் அந்த ஒன்றையும் சொல்லவேண்டுமே.

நவம்பரில் அந்த இடத்துக்கு ஷாமிலா என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் போட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது, முதல் வாரம் அவளோடு சரியாகப் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்து, அதைக் கேட்டு இன்னொன்று, பன்னிரண்டும் ஒரே நேரத்தில் கத்த, அவளும் கீழே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "அக்கா, எனக்குக் கணக்கு வரும், புள்ள தூக்க வராது" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் இரண்டு பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. அன்றே பேசி முடித்தோம். பிள்ளைகளைத் தூக்கவும் தூங்கவைக்கவும் நான் அவளுக்குச் சொல்லித்தருகிறேன், மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரம் கதவின் பின்பக்கத்தில் சோக்கட்டியால் முக்கோணம் போட்டு, யாரும் எழும்பிவிடாமல் குசுகுசுவென்று அவள் எனக்குச் சொல்லித்தருகிறாள். அந்த இடம் போனது போனதுதான், நம் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் வருகிற வருடம் ஓர் இடம் காலியாகுமாம். மார்ச்சில் கணக்கை மட்டும் மறுபடி எழுதுகிறேன், பணமும் கட்டிவிட்டேன்.

இனித்தான் நான் சொல்லவந்தது. கிறிஸ்மஸுக்கு முன் ஹட்டன் சந்தையில், உன்னோடு வேலை செய்கிற லோஜினியின் அம்மாவைப் பார்த்தேன், டிக்கோயாவிலிருந்து காய் வாங்க வந்திருந்தார். "ஒங்க மகளும் எங்க மகளும் ஒண்ணாத்தான் பெயிலாச்சுங்க, ஒண்ணாத்தான் ஒக்காந்து அழுதுச்சுங்களாம்" என்றார், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு. தெரிந்த மாதிரியே தலையாட்டிவிட்டு வந்தேன். உன் ஜப்பான் மொழிப் பரீட்சையைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் நீயும் இன்னும் முடிவு வரவில்லை என்றுதானே சொன்னாய்? ஆகஸ்டிலேயே வந்துவிட்டதாமே! ஒரே போனில் இந்தப் பக்கம் நான் பொய், அந்தப் பக்கம் நீ பொய். முதலில் அழுகை வந்தது, பிறகு சந்தையிலிருந்து வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கமாட்டேன், எனக்கே தெரியும். இன்னொன்றும் சொன்னார். சித்திரைக்கு லீவு இருந்தும், பாஸாகிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன், அதுவரை வரமாட்டேன் என்று லோஜினியிடம் சொன்னாயாம். அதைக் கேட்டுத்தான் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆகவே இந்த வருடத்துக்கு இப்படிச் செய்வோம். நீ ஜூலையில் மறுபடி எழுது. ஞாயிற்றுக்கிழமை நீ படித்த ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு, நான் போட்ட ஒரு பக்கக் கணக்கைப் படம் பிடித்து அனுப்புகிறேன், எனக்கு உன் எழுத்தும் புரியாது உனக்கு என் முக்கோணமும் சரிவராது, ஆனாலும் உட்கார்ந்து படித்தோம் என்றாவது தெரியும். அப்புறம், நாற்பத்தேழு வயதாகியும் நான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை, நீ விமானத்தில் அதைத் தாண்டியே போய்விட்டாய். யசோதினி டீச்சர் சித்திரைக்குத் தன் ஊருக்குக் கூப்பிடுகிறார், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலாம். நீயும் வந்தால் மூன்று பேருமாகப் போகலாம். அப்பா இந்த வருடம் எதையும் விடுவதாக வாக்குக் கொடுக்கமாட்டாராம்.

வேலை செய்யும்போது பச்சைத்தண்ணீரில் கையை ஊறவிடாதே, விரல் வெடித்திருந்ததை வீடியோவில் பார்த்தேன். லோஜினியையும் கேட்டதாகச் சொல், ரெண்டு பேரும் சண்டை போடாமல் ஆக்கித் தின்னுங்கள். மாரியம்மா உன் கூடவே இருந்து நல்ல வழி காட்டுவாள். சித்திரைக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. இதையெல்லாம் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நீ வரமாட்டேன் என்று சொன்ன இடம் வந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, இதை அப்படியே எழுது என்றார்: "பாஸானாத்தான் வீட்டுக்கு வரணும்னா, இந்த வீட்டுல நானும் இருக்க முடியாது, ஒங்கம்மாளும் இருக்க முடியாது. மொதல்ல ஊட்டுக்கு வா தாயி."

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா ராசம்மா, அப்பா கந்தப்பன்