கோகிலாவின் வலி ஊசி

12.8.1957, திங்கள்
என் மகள் கோகிலாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தொடை எலும்பில் வந்த கட்டி நுரையீரலுக்கும் பரவிவிட்டதாம். டாக்டர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவாகத்தான் சொன்னார்: "இனிச் செய்ய ஒண்டுமில்லை, அம்மா."
வலி ஊசி? அது வார்டில் இருப்பவர்களுக்கு மட்டுமாம். வார்டுக் கட்டிலெல்லாம் பிழைக்கிற பிள்ளைகளுக்குத்தானாம்.
ஒன்பது வயதுப் பிள்ளை வலியில் துடிக்கிறாள். செய்ய ஒன்றுமில்லையா?

13.8, செவ்வாய்
அவள் அழுதது எங்கள் காஜா பெராங் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

14.8, புதன்
பெரியவர்களிடம் மல்லுக்கட்டாதே என்றார் என் வீட்டுக்காரர். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மத்தியானம்தான் வெளியே வந்தார்.
"பிள்ளை பெத்தா நர்ஸ் மிஸி வீடு தேடி வர்றாங்க. பிள்ளை சாகப் போறப்ப ஏன் வரக்கூடாது?"
அப்படி வழக்கமில்லை என்றார்.
"இல்லன்னா நீங்க ஆரம்பிங்க."
வார்டு மிஸி மஜீதா, தான் சைக்கிளில் போய்ப் போடுவதாகச் சொன்னாள். யோசிக்கிறேன் என்று டாக்டர் போய்விட்டார். யோசிக்கட்டும். நாளையும் நிற்பேன்.

17.8, சனி
தினமும் போய் நின்றேன். இன்று சரி என்றார். மஜீதா வந்து ஊசி போட்டாள். கோகிலா ரசம் சோறு கேட்டு, பாதியிலேயே தூங்கிவிட்டாள். நான்தான் அழுதேன்.

31.8, சனி
மெர்டேக்கா, சுதந்திர நாள். ஊர்வலம் பார்க்கணும் என்றாள். ஊசி போட்டதும் ட்ரைஷா வண்டியில் கூட்டிப்போனோம். கூட்டத்தில் பக்கத்து வீட்டு சாரதாம்பாள், "சாகக் கிடக்கிற பிள்ளையை இப்படித் தூக்கிட்டு வரணுமா?" என்றாள்.
"இன்னும் உயிரோடதானே இருக்கா," என்றேன்.
கோகிலா அப்பா தோளில் சாய்ந்துகொண்டு கொடி ஆட்டினாள். கை ஓயும்வரை ஆட்டினாள்.

26.9, வியாழன்
காலையில் போய்விட்டாள். என் மடியில். முனகக்கூட இல்லை.

7.10, திங்கள்
ஆஸ்பத்திரிக்குப் போனேன். இனி அங்கே உனக்கென்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள்? அவர்களுக்கும் வலிக்குமே. டாக்டர், "உங்கட பிள்ளைக்காகச் செய்தது அது," என்றார்.
"என் பிள்ளைக்கு மட்டும்னு நான் கேக்கலையே."
நான் நகரவில்லை. கடைசியில், மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். மறக்க விடமாட்டேன்.

2.12, திங்கள்
மார்க்கெட் போகிற வழியில் மஜீதா சைக்கிளை நிறுத்தினாள். பத்து பெரெண்டாம் ஊரில் ஒரு மலாய்ப் பையனுக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறாளாம். ரத்தத்தில் புற்று. டாக்டரே அனுப்பினாராம்.
அவன் அம்மாவும் என்னைப்போல டாக்டர் வாசலில் நின்றாளா என்று கேட்டேன்.
"இல்லக்கா. அவங்க கேக்கவே இல்ல."